பாதோவாவுக்குப் போன கல்யாணம்

ஸினோவியா ஒரு கல்யாணத்தை வீடியோ கேசட்டில் ஏற்றப் போகிறாள் என்றால் எங்கள் கட்டடத்தில் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்துவிடும். லிஃப்ட் கதவில் தாள் ஒட்டியிருக்கும். 'இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை தயவுசெய்து படியில் போங்கள். கல்யாணம் ஏறுகிறது. ஸினா, ஆறாவது மாடி.'

லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் கட்டடத்தின் மின்சாரம் ஒரு கணம் தளர்ந்து விளக்குகள் மங்கும். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஸினாவின் கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு கணம் போதும். மணப்பெண் தூக்கிய காலோடு அந்தரத்தில் நின்றுவிடுவாள், அக்கார்டியன் இசை விக்கும், கேசட்டில் அந்த விக்கல் அப்படியே பதிந்துவிடும். பிறகு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் படியேறப் பழகிக்கொண்டோம். எனக்கு எட்டாவது மாடி. நகர நூலகத்தில் வேலை. ஆறாவது மாடியில் மூச்சு வாங்க நிற்கும்போது அவள் கதவுக்குப் பின்னாலிருந்து யாருடைய கல்யாணமோ கசிந்து வந்துகொண்டிருக்கும்.

அந்தக் கதவை எனக்கு மட்டும் திறப்பாள். "உள்ள வா, ஆனா பேசாதே" என்பதுதான் வரவேற்பு. உள்ளே கம்ப்யூட்டரில் கல்யாணம் ஓடும். அதிலிருந்து ஒரு கம்பி கேமராவுக்கும், கேமராவிலிருந்து இன்னொரு கம்பி கேசட் பதியும் டெக்குக்கும் போகும். டெக்குக்குள் கேசட் மெதுவாகச் சுற்றும். ஒரு மணி ஐம்பது நிமிடக் கல்யாணம் கேசட்டில் ஏற ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. டீக்குத் தண்ணீர் கூட வைக்கக் கூடாது, அந்த அடுப்பும் மின்சாரம்தான். ஆகவே சோபாவில் சாய்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே நிஸ்த்ரு ஆற்றின் மேல் பனிமூட்டம் எழும். அக்கரையில் உக்ரைனின் மரங்கள் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். ஸினாவின் கண்கள் திறந்திருக்கும், ஆனால் அவள் அங்கே இருக்க மாட்டாள்.

"சில நேரம் நான் எந்தக் கல்யாணத்துல இருக்கேன்னே தெரியல. போன வாரப் பொண்ணு இந்த வார மாப்பிள்ளையோட ஆடுறா. நல்லாத்தான் ஆடுறாங்க" என்று ஒருமுறை சொன்னாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. எங்கள் ஊரான சொரோக்காவின் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்தவள். எல்லாம் தானியங்கியான பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நகரத்தில் பாதிப்பேர் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு சொல் வெளியே வந்ததில்லை. இரண்டே வருடம் வாழ்ந்து, சண்டையில்லாமல் பிரிந்த ஒரு கணவர் இருந்தார். பன்டெலே என்று பெயர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கடைத்தெருவில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அவருடைய இரண்டாவது கல்யாணத்தைப் படமெடுத்தது ஸினாதான். அவள் எடுத்ததிலேயே அதுதான் அழகு என்று ஊரே சொன்னது. "அவருக்கு எந்தப் பக்கம் முகம் நல்லா விழும்னு எனக்குத்தானே தெரியும்" என்றாள், கொஞ்சமும் கசப்பில்லாமல்.

கேமராவும் கம்ப்யூட்டரும் தம்பி அனடோல் லிஸ்பனிலிருந்து கொண்டுவந்தவை. ஊரில் ஸ்டுடியோ வைக்கப் போவதாகச் சொன்னான். மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஒரு குளிர்காலம் முழுக்க அவை பூவேலை செய்த துணிக்கு அடியில் கிடந்தன. பிறகு ஸினா தடித்த ரஷ்யப் புத்தகம் ஒன்றை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடிட்டு, தானாகவே கற்றுக்கொண்டாள். வேலை தட்டுப்பாடில்லாமல் வந்தது. எங்கள் ஊரில் அந்த வருடங்களில் எந்தக் குடும்பமும் முழுதாக ஒரே மேஜையில் உட்காரவில்லை. அம்மா இத்தாலியில், அண்ணன் மாஸ்கோவில், சித்தப்பா போர்ச்சுகலில். கல்யாணத்தில் கேமரா ஒவ்வொரு மேஜையாக வரும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு அதற்குள் பார்த்துப் பேசுவார்கள், வராதவர்களிடம். வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து வெளிநாடுகளுக்குக் கிளம்பும் சிறு வேன்களில் வால்நட்டும் பாலாடைக்கட்டியும் மதுவும் போகும். அவற்றின் நடுவே துணியில் சுற்றிய கேசட்டும் போகும்.

2003 அக்டோபரில் ஒலேசியாவின் கல்யாணம் நடந்தது. இருபத்து மூன்று வயது, மருத்துவமனையில் நர்ஸ், கணீரென்ற குரல். அப்பா சவா பால் வண்டி ஓட்டுபவர். கேலி பேசாமல் அவரால் கியர் மாற்ற முடியாது. அம்மா அக்ரிபினா ஆறு வருடமாக இத்தாலியில், பாதோவா என்ற ஊரில் எல்விரா என்ற ஒரு வயதான சீமாட்டியின் வீட்டில் வேலை. அவளை எல்லோரும் சிஞோரா என்பார்கள். அங்கே தங்குவதற்கு உரிய தாள் அக்ரிபினாவின் கையில் இல்லை. வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. ஆகவே மகள் கல்யாணத்துக்கு வரவில்லை.

எங்கள் பக்கம் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் முற்றத்தில் ஒரு சடங்கு உண்டு. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் மடியில் ரொட்டியோடு உட்காருவார்கள். மணமக்கள் தலையணையில் முழந்தாளிட்டு, செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். பெற்றோர் மன்னித்து ஆசீர்வதிப்பார்கள். கல் நெஞ்சுக்காரரும் அழும் இடம் அது. அம்மாவின் நாற்காலியில் பெரியம்மா உட்காரட்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஒலேசியா ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலி காலியாகவே இருக்கட்டும் என்றாள். அதன் முதுகில் அக்ரிபினாவின் கறுப்புப் பூச்சால்வையைப் போட்டார்கள். சவா மட்டும் தனியே உட்கார்ந்து, கேலி எதுவும் வராமல், தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைச் சொல்லி முடித்தார். ஸினா அந்தக் காலி நாற்காலியை நீண்ட நேரம் எடுத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சால்வையின் குஞ்சம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதனால் இருக்கலாம்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் பாதோவாவிலிருந்து ஒரு கேசட் வந்து சேர்ந்தது. அக்ரிபினா தன் ஆசீர்வாதத்தை இரவல் கேமராவில் பதிந்து அனுப்பியிருந்தாள், ஸினா பார்த்துச் சரிசெய்து சடங்கின்போது டிவியில் போட வேண்டும் என்று. வேன் ஹங்கேரி எல்லையில் ஐந்து நாள் நின்றுவிட்டது.

ஒலேசியா அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு ஸினாவிடம் வந்தாள். தான் இன்னும் பார்க்கவில்லை என்றாள். வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதைத் தனியாகப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

"நீங்க அதைக் கல்யாணத்துக்குள்ள வெச்சிடுங்க, ஸினா அக்கா. அம்மாவை அந்த நாற்காலியில உட்கார வைங்க. நான் மண்டி போட்டுக் கேட்கும்போது அவங்க பதில் சொல்லணும். முதல்ல அப்படித்தான் நான் பார்க்கணும்."

அந்தக் கேசட்டில் என்ன இருந்தது என்பதை ஸினா எனக்குச் சொல்லவில்லை. பல மாதம் கழித்து அக்ரிபினாவே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கதையில் அதற்கு இடம் இங்கேதான்.

பாதோவாவில் ஒரு சமையலறை. ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில். கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு அக்ரிபினா வந்து உட்கார்கிறாள். சிவப்புப் பட்டுச் சட்டை, படிய வாரிய தலை, மடியில் அந்த ஊர் ரொட்டி. நிறைந்த குரலில் ஆரம்பிக்கிறாள். பாதி வார்த்தையில் உள்ளே ஒரு மணி அடிக்கிறது. நிறுத்துகிறாள். மறுபடி அடிக்கிறது. ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போகிறாள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. காலி நாற்காலி, வெயில், தூரத்தில் ஒரு முனகல், கட்டில் கிறீச்சிடும் சத்தம், தண்ணீர் சத்தம், இத்தாலிய மொழியில் குழந்தையைத் தேற்றுவதுபோல் அக்ரிபினாவின் குரல். பதினோரு நிமிடம். திரும்பி வரும்போது சட்டைக் கைகள் மடக்கியிருக்கின்றன. ஒரு கை ஈரம். இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்து, மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, மடக்கிய சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொள்கிறாள். பிறகு நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.

"ஸினா, உங்களை நான் பார்த்ததில்ல. ஆனா இதை முதல்ல நீங்கதான் பார்ப்பீங்கன்னு தெரியும். இந்த நடுவுல இருக்கிறதை வெட்டிடுங்க. சிஞோரா நல்லா நடமாடுறாங்க, நாங்க ரெண்டு பேரும் பூங்காவுல உட்கார்ந்து காபி குடிக்கிறோம்னுதான் என் பொண்ணுக்கு எழுதுறேன். அது அப்படியே இருக்கட்டும்."

பிறகு முதலிலிருந்து மறுபடி ஆசீர்வாதம். இந்த முறை குரல் கம்மியிருந்தது. ஆனால் கடைசி வரை சொல்லி முடித்தாள்.

மூன்று வாரம் ஸினா அதோடு கிடந்தாள். பாதி சொன்னதில் குரல் நன்றாக இருந்தது, முழுதாகச் சொன்னதில் முகம் சோர்ந்திருந்தது. இரண்டையும் ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டினால் ஒரே வாக்கியத்தின் நடுவில் தலைமுடி கலைகிறது. ஒன்றை மட்டும் அப்போதே என்னிடம் சொன்னாள், வியப்புத் தாங்காமல். அக்ரிபினா கேமராவைப் பார்த்து ஆசீர்வதிக்கவில்லையாம். கண்கள் தரையை நோக்கியிருந்தன. முதலில் ஸினாவுக்குப் புரியவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது கீழ் ஓரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு தலையணை. மகள் எங்கே முழந்தாளிடுவாளோ அங்கே அக்ரிபினா ஒரு தலையணையைப் போட்டு வைத்து, அதைப் பார்த்தே பேசியிருக்கிறாள்.

"அதனால ரெண்டையும் பக்கத்துல வெச்சா அப்படியே பொருந்துது. அவ குனிஞ்சு பார்க்குறா, இவ நிமிர்ந்து பார்க்குறா. வெயில் கூட ஒரே பக்கத்துல இருந்து விழுது. நான் ஒண்ணுமே செய்யல" என்றாள் ஸினா.

தலைமுடி கலையும் இடத்தில் முற்றத்துக் காலி நாற்காலியை வைத்தாள். சால்வையின் குஞ்சம் ஆடும்போது குரல் மட்டும் கேட்கும். குஞ்சம் நின்றதும் மறுபடி முகம். பதினோரு நிமிடத்தை வெட்டினாள்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாள் ஒட்டி, கேசட்டில் ஏற்ற நாள் குறித்தாள். ஒலேசியாவும் சவாவும் ஏறும்போதே பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அன்று வேலை. என்னையும் கூப்பிட்டாள். எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு, சர்ச்சுக்குள் போவதுபோல் சத்தமில்லாமல் உள்ளே போனோம். சவா தன் இருமலைக் கூடக் கைக்குட்டைக்குள் அமுக்கிக்கொண்டார். ஸினா தொலைபேசியின் கம்பியைப் பிடுங்கினாள், ஃபிரிட்ஜை அணைத்தாள், டெக்கை அமுக்கினாள்.

நாற்பதாவது நிமிடத்தில், இசைக்குழு வாசலுக்கு வரும்போது, அறை விளக்கு மங்கியது. டிரம்பெட் ஒரே சுரத்தில் மாட்டிக்கொண்டது. ஸினா லிஃப்ட் சத்தத்தைத் தொடர்ந்து மேலே படியேறினாள். லிஃப்டிலிருந்து ஒன்பதாவது மாடி மித்ரோஃபான் பெரிய மதுக் குடுவையோடு இறங்கிக்கொண்டிருந்தார். தாளைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்குப் பார்த்தேன் என்றார்.

"இதைத் தூக்கிட்டு ஒன்பது மாடி ஏறினா, அடுத்தது நீ என் சாவைத்தான் கேசட்ல ஏத்தணும்."

ஸினா திரும்பி வந்து கேசட்டை முதலுக்குச் சுற்றினாள். மறுபடி ஆரம்பித்தது. வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரை ஏறிவிட்டது. ஆறும் இல்லை, அக்கரையும் இல்லை. அந்த வெண்மையில் ஆறாவது மாடி தனியாக மிதப்பதுபோல் இருந்தது. இரண்டாவது முறை பார்ப்பதாலோ என்னவோ, முன்பே நான் வாழ்ந்து மறந்த ஒரு நாளைப் போல அந்தக் கல்யாணம் தோன்றியது. விடியல், பெண்ணுக்குத் தலை வாருதல், முற்றத்துக் கோழிகள், வாத்தியம். டெக் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. திரையில் ஒலேசியா முழந்தாளிட்டு, அம்மா, என்னை மன்னியுங்கள் என்றாள். காலி நாற்காலி. அடுத்து சாய்ந்த வெயிலில் அக்ரிபினா குனிந்து பார்த்தாள்.

"மன்னிச்சேன் கண்ணு. நீ பிறந்த அன்னிக்கே எல்லாத்தையும் சேர்த்து மன்னிச்சிட்டேன். போற வீட்டுல அடுப்பு அணையாம இருக்கட்டும். நீ களைச்சுப் போனா உனக்கு ஒரு நாற்காலி போட அங்க ஒருத்தர் இருக்கட்டும். நான் பக்கத்துல இல்லாததுக்கு நீயும் என்னை மன்னிச்சிடு."

சோபாவிலிருந்த ஒலேசியா எப்போது தரைக்கு இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. டிவிக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். சவா தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டார். திரையில் முற்றமும் சமையலறையும் மாறி மாறி வந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடோ ஓர் எல்லையோ இருந்ததாகவே தெரியவில்லை. அக்ரிபினா பேசப் பேச முற்றத்துக் காற்று அவள் முடியைத்தான் கலைக்கிறது என்று நான் நம்பினேன். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் நினைவிருக்கின்றன.

ஒலேசியா அழவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நடனம் முடிந்து, திரை கறுப்பாகி, ஸினா டெக்கை நிறுத்திய பிறகுதான் வாய் திறந்தாள்.

"சிஞோரா படுத்த படுக்கைதானே?"

ஸினா கேசட்டை வெளியே எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"நீங்க சொல்ல வேணாம் அக்கா. நான் நர்ஸ். முதல்ல நேரா உட்கார்ந்திருக்காங்க, பிற்பாடு இடுப்பு ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. வலது சட்டைக் கை ஈரம். ஆளைத் தூக்கித் துடைச்சிட்டு வந்தவங்க இப்படித்தான் மூச்சு விடுவாங்க. அதுவும் தப்பாத் தூக்குறாங்க. முதுகால தூக்குறாங்க."

பூங்கா, காபி என்று சவா ஏதோ ஆரம்பித்தார். மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

சவா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வருடமாகத் தெரியும் என்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றார். சொல்லி என்ன ஆகும், அவள் இங்கே வந்து என்ன செய்வாள் என்றார்.

அம்மாவின் மூலக் கேசட் எங்கே என்று ஒலேசியா கேட்கப் போகிறாள் என்று ஸினா பயந்தாள். கேட்டிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும், அது அவளுடையது. ஆனால் ஒலேசியா கேட்டது வேறு. கேசட்டில் இன்னும் இடம் இருக்கிறதா என்றாள். இரண்டு மணி நேரக் கேசட், பத்து நிமிடம் மிச்சம் என்றாள் ஸினா.

அடுத்த சனிக்கிழமை மதியம் சவாவின் வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. நானும் போனேன், விளக்கைப் பிடித்துக்கொள்ள. படுக்கையறைக் கட்டிலில் விரிப்பு. அதன் மேல் சவா, மனைவியின் இரவு உடுப்பைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டி, கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒலேசியா வேலைக்குப் போகும் வெள்ளை அங்கியில் நின்றாள். கேமராவைப் பார்த்து, எந்த முன்னுரையும் இல்லாமல் ஆரம்பித்தாள்.

"அம்மா, நல்லாப் பாருங்க. நேராத் தூக்கவே கூடாது. முதல்ல அவங்க முட்டியை மடக்குங்க. கையை நெஞ்சு மேல வைங்க. இப்ப தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. உங்க பக்கமா உருட்டுங்க. பார்த்தீங்களா, தானா வருது."

சவா உருண்டு வந்து, கண்ணைத் திறக்காமலே, மெல்லிய குரலில் சொன்னார்: "மெதுவாடி, நான் இத்தாலிக்காரி. எனக்கு முதல்ல காபி வேணும்."

ஒலேசியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். ஒருக்களித்த பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தக் கனமே உடம்பை எழுப்பிவிடும் என்றாள். விரிப்புக்கு மேல் இன்னொரு துணியை நாலாக மடித்துப் போட்டு, ஆளை இழுக்காமல் துணியை இழுக்க வேண்டும் என்றாள். முழங்காலை மடக்கி நின்று, தொடையால் தள்ள வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து காட்டினாள். சவா இரண்டு முறையும் ஏதாவது முனகினார். ஒருமுறை ஸினாவே சிரித்து கேமரா குலுங்கிவிட்டது. அதை அவள் வெட்டவில்லை.

கடைசியில் ஒலேசியா அங்கியின் பொத்தானைக் கழற்றியபடி சொன்னாள்: "அவ்வளவுதாம்மா. தினமும் ராத்திரி உங்க முதுகுக்கு சூடா ஒத்தடம் கொடுங்க. பூங்காவுக்குப் போனா என் சார்பா ஒரு காபி குடிங்க."

ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை.

எட்டு நிமிடம் வந்தது. ஸினா மறுபடி தாள் ஒட்டி, புதுக் கேசட்டில் முழுவதையும் முதலிலிருந்து ஏற்றினாள். கல்யாணம் முடிந்ததும் பத்து விநாடி கறுப்பு, பிறகு கட்டிலில் சவா. அந்த வெள்ளிக்கிழமை வேனில் அது கிளம்பியது. அன்றிலிருந்து ஸினாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வெட்டச் சொன்னதை வெட்டினேன், ஆனாலும் சொன்னபடி நடந்துகொண்டேனா என்று கேட்டாள். எதை வெட்டினாள் என்று எனக்கு அப்போது தெரியாது, அதனால் ஆறுதலும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஸினாவுக்குத் தொலைபேசி வந்தது. அக்ரிபினா. பேச்சு சுருக்கமாகத்தான் இருந்தது என்று ஸினா சொன்னாள். எடுத்ததும், "வெட்டச் சொன்னேனே" என்றாளாம். வெட்டிவிட்டேன் என்றாளாம் ஸினா. "அப்புறம் எப்படி?" உன் சட்டைக் கை ஈரமாக இருந்தது, உன் மகளுக்குக் கண் இருக்கிறது என்று சொன்னதும், மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். சிஞோராவின் கட்டிலுக்கு எதிரில் டிவியை வைத்து இருவருமாகத்தான் பார்த்தார்களாம். சிஞோராவுக்கு மொழி ஒரு சொல் புரியாது. கல்யாணத்தில் பாதி நேரம் தூங்கினாள். ஆனால் சவாவைத் தன் வேடத்தில் பார்த்ததும் கட்டில் குலுங்கச் சிரித்தாள், மறுநாளும் அதையே போடச் சொன்னாள். ஒலேசியா சொன்னபடி அக்ரிபினா அவளைத் திருப்பியபோது, தானே முட்டியை மடக்கிக் கொடுத்தாள்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். வியாழக்கிழமை மதியங்களில் பாதோவாவில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விடுமுறை. ஒரு தோட்டத்து பெஞ்சுகளில் கூடுவார்கள். அக்ரிபினாவின் கேசட் அங்கே கைமாற ஆரம்பித்தது. கல்யாணத்துக்காக இல்லை. கடைசி எட்டு நிமிடத்துக்காக. குளிர்காலத்தில் ஸினாவுக்கு வேன் ஓட்டுநர்கள் மூலம் சீட்டுகள் வந்தன. மேஸ்த்ரேயிலிருந்து, போலோஞாவிலிருந்து, ரோமிலிருந்து கூட. 'கட்டில் கேசட் ஒன்று அனுப்பவும்.' பனி விழுந்துகொண்டிருந்த மதியங்களில் ஸினா அந்த எட்டு நிமிடத்தை ஒவ்வொரு கேசட்டாக ஏற்றினாள். முப்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். சவாவின் வசனங்கள் அவளுக்கு மனப்பாடம். கனவில் கூட வருகிறார் என்று அலுத்துக்கொண்டாள். கனவில் அவர் ஒரு நீளமான மேஜையின் தலைமாட்டில், தலையில் துணி கட்டி உட்கார்ந்திருப்பாராம். ஒருவரையொருவர் தெரியாத பெண்கள் வரிசையாக வந்து அவரை மெதுவாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார்களாம். யாருக்கும் முதுகு வலிக்காதாம்.

வசந்தத்தில் சிஞோரா எல்விரா தூக்கத்தில் இறந்துபோனாள். அக்ரிபினாவுக்கு அதற்குச் சில மாதம் முன்னால்தான் தாள்கள் கிடைத்திருந்தன. அடுத்த வேலை ஜூலையில் தொடங்குவதால், ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஜூன் மாதம் மூன்று வாரம் ஊருக்கு வந்தாள். அதே சமயம் விடுமுறையில் வந்த வேறு பெண்கள் சந்தையில் சவாவின் பால் வண்டியைப் பார்த்ததும் கையசைத்து, "சிஞோரா, எப்படி இருக்கீங்க?" என்று கத்துவார்கள். சவா ஜன்னலை இறக்கி, காபி இல்லாமல் தவிக்கிறேன் என்பார்.

ஸினாவும் அக்ரிபினாவும் சந்தையில், செர்ரிப் பழக் கூடைகளுக்கு நடுவில் சந்தித்தார்கள். ஸினா அவளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு தயங்கி நின்றாள். மூன்று வாரம் விநாடி விநாடியாகப் பார்த்த முகத்தை எப்படி முதல் தடவை பார்ப்பது? விலை கேட்க வாயைத் திறந்தாள். குரலைக் கேட்டு அக்ரிபினா திரும்பினாள். கல்யாணக் கேசட்டில், கேமராவுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்கள் என்று சொல்லும் குரல் அது.

அன்று மாலை நாங்கள் மூவரும் நிஸ்த்ரு கரையோரமாக நடந்தோம். அக்ரிபினா நாங்கள் படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம், வேகமாக நடந்தாள். ஒலேசியா தினமும் காலையில் தன் முதுகைத் தொட்டுப் பார்த்துத் திட்டுகிறாள் என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி அவளே எனக்குச் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததுபோல. பிறகு சிஞோராவைப் பற்றிப் பேசினாள். அவள் ஒரு காலத்தில் நீச்சல் பழக்கியவளாம். கடைசி நாட்களில் கட்டிலில் திருப்பும்போதெல்லாம் கைகளை நீட்டி, தண்ணீரை விலக்குவதுபோல் மெல்ல அசைப்பாளாம்.

"தண்ணி சூடா இருக்கான்னு கேட்பாங்க. இருக்கு சிஞோரான்னு சொல்வேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் கால் வைத்தாள். அக்கரையில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஸினா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து செர்ரிப் பழப் பையைப் பிரித்து எங்களுக்கு நீட்டினாள். தண்ணீர் ஜில்லென்று இருப்பதாக அக்ரிபினா சொன்னாள். ஆனாலும் வெளியே வரவில்லை.